சொந்தங்களைப் பார்க்கச் சொந்தக் காரா, வாடகைக் காரா, விமானமா?

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து நியூ ஜெர்சி வரைக்கும் காரிலேயே போகலாம், வழியில் சித்தப்பா வீடு, அத்தை வீடு, கல்லூரி நண்பர்கள் வீடு என எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எடுத்ததுமே "எந்த வண்டியில போறது?" என்ற கேள்வி வந்து நிற்கும். அதை மூன்றாவது இடத்துக்குத் தள்ளுங்கள். முதல் கேள்வி, யார் யார் வீடு. இரண்டாவது, அந்த வீடுகளைக் கோக்கும் சாலை எது. இந்த இரண்டும் தெளிவானால் வண்டி விஷயத்தில் யோசிக்க அதிகம் இருக்காது.

ஒரு வீட்டுக்கு எத்தனை மைல்?

உறவினர் வீட்டுப் படுக்கையை இலவசம் என்று எழுதிக்கொள்கிறோம். டாலரில் இலவசம்தான், மைலில் இல்லை. மணிக்கு 75 மைல் ஓடும் சாலையிலும், சாப்பிட, பெட்ரோல் போட, பிள்ளைகளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக என நிற்கும் நேரமெல்லாம் சேர்த்தால் நாளின் சராசரி 55 மைலுக்கு மேல் வராது. மோட்டலில் தங்கினால் காலை ஆறுக்குக் கிளம்பி மாலை நான்கு வரை ஓட்டலாம். அது 550 மைல். வீட்டில் தங்கினால் இட்லி வேக வேண்டும், படம் எடுக்க வேண்டும், பைகளை ஏற்றிய பிறகும் வாசலில் நின்று அரை மணி பேச வேண்டும். பத்துக்கு முன்னால் வண்டி நகராது. அடுத்த வீட்டில் ஆறு மணிக்குள் இருந்தால்தான் அவர்களும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். ஊருக்குள் நுழையும் நெரிசலையும் கழித்தால் 380 மைல்தான் மிஞ்சும். ஆக ஒரு இரவு விருந்தோம்பலின் விலை ஏறத்தாழ 170 மைல்.

இதைவிட விலை கூடியது "சும்மா மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துட்டுப் போறோம்" என்பது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிப் புறநகருக்குள் 20 மைல், உட்கார்ந்து பேசி, சாப்பிட்டு, "காபி போட்டுட்டேன், குடிச்சிட்டுக் கிளம்புங்க", திரும்ப 20 மைல். நான்கு மணி நேரம் போய்விடும், அதாவது 220 மைல். இரவில் எப்படியும் எங்காவது தூங்கத்தான் போகிறோம். பகல் விருந்து ஓட்டும் நேரத்தையே தின்கிறது. மொத்தப் பயணத்திலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மதிய விருந்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மற்றவர்களை நெடுஞ்சாலையை ஒட்டிய கோயிலிலோ உணவகத்திலோ வந்து சந்திக்கச் சொன்னால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். அவர்களுக்கும் சமைக்கிற வேலை மிச்சம்.

வடக்குச் சாலையா, தெற்குச் சாலையா?

சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கி நியூ ஜெர்சியின் டீனெக்கில் முடிகிற ஐ-80 சாலை சுமார் 2,900 மைல். இதுதான் குறுக்கு வழி. ஆனால் சாக்ரமெண்டோ தாண்டியதிலிருந்து ஒமாஹா வரை ஏறத்தாழ 1,600 மைலுக்கு சால்ட் லேக் சிட்டியை விட்டால் பெரிய ஊரே கிடையாது. டென்வரில் யாராவது இருந்தால் ஷயானில் தெற்கே திரும்பி 100 மைல் போய், பிறகு ஐ-76 பிடித்து நெப்ராஸ்காவில் மறுபடி ஐ-80இல் ஏறலாம். சுற்று சுமார் 140 மைல். உறவுக்காரர்கள் கூட்டம் சிகாகோவுக்கு அப்புறம்தான் தொடங்குகிறது: நேப்பர்வில், அரோரா, டொலிடோவிலிருந்து வடக்கே ஏறினால் நோவை, பிறகு கிளீவ்லேண்ட், பிட்ஸ்பர்க். முதல் நான்கு நாள் மோட்டல், கடைசி மூன்று நாள் விருந்து மேல் விருந்து. வயிறும் கேட்காது, மனிதர்களும் மனதில் தங்க மாட்டார்கள்.

தெற்குப் பாதையைப் பாருங்கள். சான் ஹோசேயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் 340 மைல், அங்கிருந்து ஐ-10இல் ஃபீனிக்ஸ் 370, எல் பாசோ 430, ஐ-20 வழியாக டாலஸ் 635, அட்லாண்டா 785, ஐ-85இல் ஷார்லட் 245, வட கரோலைனாவின் கேரி 165, நியூ ஜெர்சியின் எடிசன் 460. கூட்டினால் 3,430 மைல். ஐ-80ஐவிட 530 மைல் கூடுதல், அதாவது ஒரு நாள் ஓட்டம். ஆனால் இர்வைன் (லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம்), சாண்ட்லர் (ஃபீனிக்ஸ் பக்கம்), ஃபிரிஸ்கோ (டாலஸ் பக்கம்), ஆல்ஃபரெட்டா (அட்லாண்டா பக்கம்), ஷார்லட், கேரி என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் பூக்கட்டின மாதிரி வரிசையாக விழுகின்றன. நடுவே ஆளில்லாத நீளங்கள் இரண்டுதான்: ஃபீனிக்ஸ்–டாலஸ், டாலஸ்–அட்லாண்டா. இரண்டுக்கும் ஒவ்வொரு மோட்டல் இரவு. வீடும் மோட்டலும் மாறி மாறி வருவதுதான் நல்ல வரிசை. அதைத் தானாகவே தருவது இந்தப் பாதை.

இடையில் ஓடும் ஐ-40 பார்ஸ்டோவிலிருந்து வட கரோலைனாவின் வில்மிங்டன் வரை. சுங்கமே இல்லாத சாலை. ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் கிராண்ட் கேன்யன் இருக்கிறது. நாஷ்வில், மெம்ஃபிஸ், ஒக்லஹோமா சிட்டி, பெண்டன்வில் பக்கம் ஆள் இருந்தால் மட்டும் எடுங்கள். டென்னசி–வட கரோலைனா எல்லையில் பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கை 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அரித்துவிட்டது. 2025 மார்ச்சில் பக்கத்துக்கு ஒரு தடமாகத் திறந்தார்கள். புறப்படும் முன் அந்த இடத்தின் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவமும் பேசும். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐ-80 எடுப்பது சூதாட்டம். டானர் கணவாயில் டயருக்குச் சங்கிலி கேட்பார்கள். வயோமிங்கில் லாரமி–ராலின்ஸ் இடையே பனியைவிடக் காற்றுதான் எதிரி. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் சாலையை மூடிவிடுவார்கள். ஐ-10இல் பனித் தொல்லை குறைவு, புழுதித் தொல்லை உண்டு. அரிசோனாவின் பிக்காச்சோ பக்கமும் நியூ மெக்சிகோவின் லார்ட்ஸ்பர்க் பக்கமும் புழுதிச் சுவர் எழும்பினால் முன்னே இருக்கும் வண்டியே தெரியாது. அப்போது சாலையை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலையென்று நம்பி நேராக வந்து மோதுவார்.

வண்டிக்கு வருவோம்

சொந்தக் காரின் செலவு என்று நாம் நினைப்பது பெட்ரோல் மட்டும். 3,430 மைல், கேலனுக்கு 28 மைல், கேலன் 3.25 டாலர் என்று வைத்தால் 400 டாலருக்குள் வருகிறது. உண்மைச் செலவுக்கு வருமான வரித்துறையே இரண்டு அளவுகோல் கொடுக்கிறது. 2025இல் தொழில் பயணத்துக்கு மைலுக்கு 70 சென்ட். இதில் தேய்மானம், காப்பீடு எல்லாம் அடக்கம். மருத்துவப் பயணத்துக்கு 21 சென்ட். ஓட்டினால் மட்டும் ஆகும் செலவு இது. முதல் கணக்கில் 2,400 டாலர், இரண்டாவதில் 720. உங்கள் உண்மைச் செலவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பழைய கார் என்றால் கீழ் எண்ணுக்குப் பக்கம், வாங்கி ஓராண்டே ஆன கார் என்றால் மேல் எண்ணுக்குப் பக்கம்.

சொந்தக் காரின் பெரிய சிக்கல் செலவல்ல, திரும்பி வருவது. ஐ-80இல் திரும்பினாலும் இன்னொரு 2,900 மைல், குறைந்தது ஐந்தாறு நாள். மூன்று வாரம் விடுப்பு இருந்தால் ஒழிய இது நடக்காது. வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பலாம், கடற்கரைக்குக் கடற்கரை பொதுவாக ஏழிலிருந்து பத்து நாள். ஆனால் உள்ளே வைக்கும் சாமான்களுக்குக் காப்பீடு இருக்காது. ஊர் மாற்றிக் குடிபோகிறவர்களுக்குச் சொந்தக் கார்தான், அதில் பேச்சே இல்லை. ஒரே வழிப் பயணம், பாதிக் குடித்தனமும் டிக்கியில் வந்துவிடும்.

மற்ற எல்லாருக்கும், நான்கு பேரும் ஐந்து வீடும் தாண்டினால், ஒரு முனையில் எடுத்து மறுமுனையில் விடும் வாடகைக் கார்தான் சரி. போவது காரில், திரும்புவது விமானத்தில். இதில் பணம் எங்கே கசியும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வேறு ஊரில் விடுவதற்கான கட்டணம் ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். சான் ஹோசேயில் எடுத்து நியூவர்க்கில் விடுவதற்கும், ஓக்லண்டில் எடுத்து ஃபிலடெல்பியாவில் விடுவதற்கும் வாடகை வேறு வேறாக இருக்கும். நாலைந்து விமான நிலையச் சோடிகளைப் போட்டுப் பாருங்கள். ஊருக்குள் இருக்கும் கிளைகள் மலிவு, ஆனால் பல கிளைகள் ஞாயிறு திறக்காது. ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்தால் திங்கள் வாடகையும் உங்கள் தலையில்தான். திருப்பித் தரும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி என்பதையும் மறக்காதீர்கள். மேற்கில் காலை பத்துக்கு எடுத்ததைக் கிழக்கில் காலை பத்துக்குத் தரவேண்டும் என்றால் கையில் இருப்பது மூன்று மணி நேரம் குறைவு.

காப்பீட்டில் இரண்டு பகுதி. வாடகை வண்டிக்கு ஆகும் சேதத்தைப் பல கடன் அட்டைகள் ஏற்கும், ஆனால் 15 அல்லது 31 நாளுக்குள் முடியும் ஒப்பந்தத்துக்குத்தான், அதுவும் கம்பெனியின் சேதப் பாதுகாப்பை நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்தான். எதிராளிக்கு ஆகும் சேதத்தை அட்டை ஏற்காது. சொந்தக் கார் காப்பீடு இருந்தால் பெரும்பாலும் அதுவே வாடகைக் காருக்கும் பொருந்தும். சொந்தக் காரே இல்லாதவர்கள் அதைத் தனியாக வாங்கித்தான் ஆகவேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மேற்கு டெக்சஸின் காலிச் சாலையைப் பார்த்து மாமா "கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேனே" என்பார். அந்தக் கொஞ்ச தூரத்தில் இடித்தால் மொத்தப் பாதுகாப்பும் போச்சு.

சுங்கம் இன்னொரு ஓட்டை. இண்டியானா, ஒஹாயோ சுங்கச்சாலைகளிலும் கிழக்குக் கடற்கரையிலும் செல்வது ஈசி-பாஸ் என்ற சுங்கக் கருவி. கலிஃபோர்னியாவின் ஃபாஸ்ட்ராக் அங்கே செல்லாது. வாடகைக் கம்பெனியின் கருவியைப் பயன்படுத்தினால் சுங்கத்தோடு சேவைக் கட்டணமும் சேரும். சொந்தமாக ஒரு ஈசி-பாஸ் வாங்கி, வண்டி எண்ணை அதில் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. முடிந்ததும் எண்ணை நீக்குங்கள். இல்லையென்றால் அடுத்து ஓட்டுபவரின் சுங்கமும் உங்கள் கணக்கில் ஏறும்.

எப்போது விமானம்? ஒருவரோ இருவரோ மட்டும் போகும்போது. அல்லது பார்க்க வேண்டிய வீடுகள் இரண்டு மூன்று கொத்தாக மட்டும் இருக்கும்போது: டாலஸில் நாலு வீடு, அட்லாண்டா–கேரியில் மூன்று, நியூ ஜெர்சியில் ஐந்து. டாலஸுக்குப் பறந்து இரண்டு நாள் வாடகைக் கார். அட்லாண்டாவுக்குப் பறந்து காரில் கேரி போய், பக்கத்து ராலேயில் விட்டுவிட்டு நியூவர்க்குக்குப் பறக்கலாம். எட்டு நாளில் முடிந்துவிடும். நான்கு பேர் என்றால் திரும்புவதையும் சேர்த்து 16 டிக்கெட் என்பதுதான் இடிக்கும். தவிர, ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் குப்பைக்குப் போகும்.

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாள்

எந்த வண்டியானாலும் ஓட்டுநர் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். டயர் படம் போட்ட ஒட்டுத்தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று காற்றழுத்தம்; வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. மற்றது ஆட்களும் சாமான்களும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை. ஏழு பேர் அமரும் வேனில் 1,200 பவுண்டு என்று போட்டிருந்தால், ஆளுக்குச் சராசரி 150 பவுண்டு வைத்தே 1,050 போய்விடும். ஏழு பெட்டிக்கு மிச்சம் 150 பவுண்டு. "ஏழு சீட்டு இருக்கே" என்று ஏறிக்கொண்டு, பெட்டிகளைக் கூரையில் கட்டி, ஆகஸ்ட் வெயிலில் ஐ-10இல் 80 மைல் வேகத்தில் விரட்டினால் டயர் வெடிக்காமல் என்ன செய்யும்? ஆறு பேருக்கு மேல் என்றால் இரண்டு வண்டி எடுங்கள். கூரைப் பெட்டி 65–75 மைல் வேகத்தில் மைலேஜை 10 முதல் 25 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது எரிசக்தித் துறை. பின்னால் மாட்டும் தட்டில் அந்த இழப்பு மிகக் குறைவு.

வாடகை நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள். பல புது வண்டிகளில் டயர் ஒட்டும் திரவமும் சின்னப் பம்பும் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது. எல் பாசோவுக்கும் மிட்லண்டுக்கும் நடுவே அந்த நிலை வந்தால் அரை நாள் காலி. எண்ணெய் மாற்றச் சொல்லும் விளக்கு எரிந்தாலோ, எண்ணெய் மாற்றும் கணக்கு எழுதிய தாளில் இன்னும் 1,000 மைல்தான் பாக்கி என்று இருந்தாலோ அங்கேயே வேறு வண்டி கேளுங்கள். யூட்டா, வயோமிங், கொலராடோ பம்புகளில் ரெகுலர் என்று எழுதியிருப்பது பல இடங்களில் 85 ஆக்டேன். உங்கள் வண்டிக்கு 87 வேண்டுமென்றால் நடுப் பொத்தானை அழுத்த வேண்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு

இந்த வகைப் பயணத்தில் மின்சாரக் காருக்கு ஒரு தனி லாபம்: தூங்கும் வீடே சார்ஜ் நிலையம். ஆனால் "சார்ஜ் பண்ணிக்கலாமா?" என்று கேட்டால் போதாது, கராஜில் இருக்கும் பிளக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண 120 வோல்ட் பிளக் மணிக்கு மூன்றிலிருந்து ஐந்து மைல்தான் தரும். இரவு முழுக்கப் போட்டாலும் 40 மைல். துணி உலர்த்தும் எந்திரத்தின் 14-30 பிளக் மணிக்கு 20 மைல் போலத் தரும், அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். அதைவிடப் பெரிய 14-50 பிளக் இருந்தால் மணிக்கு 25–30 மைல், காலையில் வண்டி நிறைந்திருக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைக் கொண்டு வந்து நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். இரவெல்லாம் சூடேறி உருகும். வெளிச் சாலையில் 80 சதவீதத்தோடு பிடுங்கிக் கிளம்புவதுதான் வேகம். கடைசி 20க்கு ஆகும் நேரம் கண்ணை மூடிக்கொண்டு வளரும்.

நாள்காட்டி

உறவினர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி. பதினொரு நாளில் இரண்டு வார இறுதிகள்தான் அகப்படும். அந்தச் சனி ஞாயிறுகளை நெருங்கிய வீடுகளுக்கு ஒதுக்கி, காலிச் சாலைகளை வாரநாள்களில் தள்ள வேண்டும். வியாழன் கிளம்புவது இதற்குத் தோதான நாள். வியாழன் இர்வைன், வெள்ளி மாலை சாண்ட்லர், சனி முழுக்க அங்கேயே. ஞாயிறு எல் பாசோ மோட்டல். திங்கள் விடியலில் கிளம்பி இரவு டாலஸ், 635 மைல். இந்தப் பயணத்தின் மிக நீண்ட நாள் இதுதான். முதியவர்கள் இருந்தால் மிட்லண்டில் நிறுத்தி ஒரு நாளைக் கூட்டுங்கள். செவ்வாய் டாலஸ். புதன் மிசிசிப்பியின் ஜாக்சன், மோட்டல். வியாழன், வெள்ளி அட்லாண்டா. சனி ஷார்லட்டில் மதிய விருந்து, இரவு கேரி. ஞாயிறு எடிசன். கேரியிலிருந்து காலை ஐந்துக்குக் கிளம்பினால்தான் பத்துக்குள் வாஷிங்டனைத் தாண்டலாம். எட்டுக்கு இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் ஃபிரெட்ரிக்ஸ்பர்க் பக்கம் ஐ-95இல் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள்.

கிழக்கே போகும்போது சில நாள்கள் 23 மணி நேரம்தான். வான் ஹார்ன் பக்கம் ஒரு மணி, அலபாமா–ஜார்ஜியா எல்லையில் ஒரு மணி என்று பறிபோகும். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் அது கோடையில் கலிஃபோர்னியா நேரத்தோடும் குளிர்காலத்தில் டென்வர் நேரத்தோடும் ஒத்துப்போகும். வருகை நேரத்தைப் பெரியம்மாவுக்குச் சொல்லும்போது "உங்க டைம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

தெற்குப் பாதையில் இன்னொன்று. டெக்சஸின் சியரா பிளாங்காவில் ஐ-10இல் கிழக்கே போகும் எல்லா வண்டிகளையும் எல்லைக் காவல் படை நிறுத்தும். நாடு விட்டு நாடு போகவில்லையே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எச்-1பி வேலை விசாக்காரர்கள், சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா, எல்லாரும் பாஸ்போர்ட்டும் அச்சிட்ட ஐ-94 வருகைப் பதிவும் கையில் வைத்திருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்கள் 18 வயது தாண்டியிருந்தால் அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டம்.

கொடுத்தனுப்பும் சாமான்கள் பற்றிக் கடைசியாக. அட்லாண்டா அத்தையும் டாலஸ் சித்தியும் கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியோடு தூக்கி வைப்பார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற பூச்சி தங்கும் செடிகளில் கறிவேப்பிலையும் ஒன்று. அதனால் ஃபுளோரிடா, டெக்சஸ், கலிஃபோர்னியாவின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து செடியையும் தழையையும் வெளியே எடுத்துப்போகத் தடை இருக்கிறது. காரிலேயே மேற்கே திரும்புகிறவர்களை ஐ-10இல் பிளைத், ஐ-40இல் நீடில்ஸ், ஐ-80இல் டிரக்கி ஆகிய இடங்களில் கலிஃபோர்னியா வேளாண் சோதனைச்சாவடி நிறுத்தி, பழம் செடி உண்டா என்று கேட்கும். கன்று அங்கேயே போய்விடும். பொடி, அப்பளம், வடகம் வாங்கிக்கொள்ளுங்கள்; அதற்கு எந்தச் சாவடியும் குறுக்கே நிற்காது.